பாட்டரி இல்லாத ரேடியோ

முதலில் போனது மணியின் மூடி. பாஸ்கரன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்லூரி சைக்கிள் ஸ்டாண்டில் முந்நூறு சைக்கிள் நிற்கும். யாராவது இடித்திருப்பார்கள், கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்தான். அடுத்த வாரம் காற்றடிக்கும் பம்ப் போயிற்று. அது தானாகக் கழன்று விழாது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தபோது முன்சக்கரத்தை ஒட்டி விளக்குக்கான டைனமோ இருந்த இடத்தில் இரண்டு அங்குல ஒயர் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. நுனியைப் பிளேடால் அறுத்திருந்தார்கள்.

அது 1962, ஐப்பசி மாதம். பாஸ்கரன் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் இரண்டாம் வருஷம். துறையூரிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் ஒரு மாடி அறையில் தங்கிப் படித்தான். தினமும் காவிரிப் பாலத்தைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போய்வர வேண்டும். பாலத்தின் முனையில் சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு போலீஸ்காரர் வந்து நின்றுவிடுவார். விளக்கு இல்லாத சைக்கிளை நிறுத்தி, ஒன்றும் பேசாமல் இரண்டு சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிடுவார். டைனமோ போன அன்றே பாஸ்கரன் அவரிடம் மாட்டிக்கொண்டான். காற்றில்லாத சைக்கிளை மழைத் தூறலில் பாலம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனபோது, எடுத்தவன் யாராக இருந்தாலும் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தான்.

மறுநாள் ஸ்டாண்டைப் பார்த்துக்கொள்ளும் பிச்சமுத்துவிடம் போய்ச் சண்டை போட்டான். பிச்சமுத்து கோபப்படவில்லை.

"தம்பி, வெளி ஆளு ஒருத்தரும் இந்தக் கேட்டைத் தாண்டி வரலை. நான் காலையில உக்காந்தா சாயங்காலம்தான் எந்திரிக்கிறேன். பிள்ளைங்கதான் வர்றாங்க, போறாங்க. எடுத்தது உங்கள்ல ஒருத்தராத்தான் இருக்கும்" என்றார்.

அந்த வார்த்தை பாஸ்கரனை விடவில்லை. சைக்கிளுக்குச் சங்கிலியும் பூட்டும் வாங்கிப் போட்டான். லாபில் ஜன்னல் பக்கத்து மேஜைக்கு இடம் மாறினான். அங்கிருந்து பார்த்தால் ஸ்டாண்டின் பாதி தெரியும். தன் சைக்கிள் பக்கத்தில் யார் யார் நிற்கிறார்கள் என்று ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்தான். மூன்று நாளில் ஒன்பது பெயர் சேர்ந்தன. ஒருவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான். அவன் பெயரும் ஏறியது. ஒருவன் சும்மா சீட்டைத் தட்டிவிட்டுப் போனான். அவனும்தான். பிலோமின்ராஜ் பெயர் மட்டும் இரண்டு முறை வந்திருந்தது. முதல் முறை அதை எழுதியபோது பாஸ்கரன் சிரித்துக்கொண்டான். இரண்டாம் முறை சிரிக்கவில்லை.

பிலோமின்ராஜ் அவனுடைய சிநேகிதன். வகுப்பில் ரேடியோ பைத்தியம் பிடித்தவன் அவன் ஒருவன்தான். அப்பா அடைக்கலராஜ் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீடு மேலப்புதூரில், கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்தில். ஓர் அட்டைக் குழாயில் செப்புக் கம்பியைச் சுற்றி, பட்டாணி அளவில் ஒரு கிரிஸ்டல் டயோடை வைத்து, மொட்டை மாடியில் நீளமாக ஒயர் கட்டி, அவன் ஒரு ரேடியோ செய்திருந்தான். அதற்குப் பாட்டரியும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். காற்றில் வரும் அலையின் பலத்திலேயே பேசும். பழைய ராணுவச் சாமான் கடையில் வாங்கிய ஹெட்போனைக் காதில் வைத்தால் திருச்சி நிலையம் தெளிவாகக் கேட்கும். அது ஒன்றுதான் கேட்கும். பாஸ்கரனுக்கும் அதேபோல ஒன்று செய்து கொடுப்பதாக அவன் சொல்லியிருந்தான். கம்பி சுற்றியாகிவிட்டது. ஹெட்போன்தான் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்கரன் மேலப்புதூருக்குப் போனான். கம்பிச் சுருளை எடுத்துப்போகும் சாக்கில், உண்மையில் பார்க்கத்தான் போனான்.

பிலோமின்ராஜின் அம்மா ரோசம்மாள் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி. உள்ளதான் இருக்கான். காபி கொண்டாரேன், போங்க" என்றார்.

பாஸ்கரன் அறைக்குள் நுழைந்தபோது பிலோமின்ராஜ் மேஜைமேல் குனிந்திருந்தான். காலடிச் சத்தம் கேட்டதும் திடுக்கிட்டு, பக்கத்தில் கிடந்த செய்தித்தாளை இழுத்து மேஜையை மூடினான். ஆனால் மூடுவதற்கு முன் பாஸ்கரன் பார்த்துவிட்டான். ஒரு சைக்கிள் டைனமோ. மேல்கூடு தனியே, உள்ளே இருக்கும் காந்தம் தனியே, கம்பிச் சுருள் தனியே கழற்றிக் கிடந்தது. கூட்டின் கறுப்புப் பெயிண்டு ஓரிடத்தில் உரிந்திருந்தது. தன்னுடையதிலும் பெயிண்டு உரிந்துதான் இருந்தது.

"என்னடா அது?" என்றான்.

"ஒண்ணுமில்ல. சும்மா." பிலோமின்ராஜ் வாசல் பக்கம் பார்த்தான். "அம்மா வராங்களா?"

"காபி எடுத்துட்டு வராங்க."

"உக்காரு. உன் கம்பிச் சுருள் அந்த ஷெல்ஃபுல இருக்கு."

பாஸ்கரன் உட்கார்ந்தான். காபி வந்தது. குடித்தான். இது யாருடைய டைனமோ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும். அவன் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பொய் சொல்வான், சொல்லிவிட்டுச் சாமானை மறைத்துவிடுவான் என்று தோன்றியது. கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேன்" என்று கிளம்பினான். சந்து முனை வரை பிலோமின்ராஜ் கூடவே வந்தான். எப்போதும் வருவதுதான். அன்றைக்கு அதுவும் சந்தேகமாக இருந்தது.

எல்லையில் அப்போது சீனாவோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. பாஸ்கரன் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ரெங்கராஜுக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. காலையில் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, மாடிப் படியில் இறங்கிவரும் பாஸ்கரனை நிறுத்தி அதை அவனுக்கு ஒருமுறை சொல்வார். தெருவில் பாதுகாப்புக் கமிட்டி என்று ஒன்று அமைத்து அதற்குத் தாமே காரியதரிசியாகவும் இருந்தார். பழைய பாத்திரக்காரன் தெருவுக்கு வந்தால்கூட எந்த ஊர் என்று விசாரித்துத்தான் அனுப்புவார்.

"ஒற்றன்னா வேற மாதிரி இருப்பான்னு நெனைக்காதீங்க தம்பி. நம்ம மாதிரிதான் இருப்பான். பக்கத்துலயே இருப்பான்" என்றார் மறுநாள் காலையில்.

பாஸ்கரன் சைக்கிளின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தான். முந்தின நாள் மறுபடியும் பாலத்தில் காற்றுப் போயிருந்தது.

"எங்க கிளாஸ்ல ஒருத்தன் இருக்கான் சார். மொட்டை மாடி பூரா ஒயர் கட்டி வெச்சிருக்கான். கரண்டு கிடையாது, பாட்டரி கிடையாது. காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு மணிக்கணக்கா உக்காந்திருப்பான்" என்றான்.

ரெங்கராஜ் பேப்பரை மடித்தார். "என்ன கேக்கறான்?"

அந்தப் பெட்டியில் என்ன கேட்கும் என்று பாஸ்கரனுக்கு நன்றாகத் தெரியும். அதே ஹெட்போனில் அவனே எத்தனையோ முறை கச்சேரி கேட்டிருக்கிறான்.

"தெரியலை சார்" என்றான்.

"வீடு எங்க?"

சொன்னான். சந்தின் பெயரையும் சொன்னான். பாலத்தில் ஏறும்போது நெஞ்சுக்குள் ஏதோ உறுத்தியது. ரெங்கராஜ் என்ன செய்துவிடப் போகிறார், இரண்டு பேரிடம் பேசுவார், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். டைனமோ ஞாபகம் வந்ததும் அந்த உறுத்தலும் அடங்கிப்போயிற்று.

பதினைந்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை பிலோமின்ராஜ் வகுப்புக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை லாபில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள், அவன் வீட்டில் போலீஸ் புகுந்து ஒயர்லெஸ் பெட்டியை எடுத்துப்போய்விட்டதாம், அவன் சீனாவுக்குச் செய்தி அனுப்பினானாம் என்று. இதுவரை அவனோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள், எனக்கு அப்பவே தெரியும் என்று பேசினார்கள். பாஸ்கரன் கையிலிருந்த கண்ணாடிக் குழாயை மேஜைமேல் வைத்தான். மத்தியான வகுப்புக்குப் போகாமல் மேலப்புதூருக்குச் சைக்கிளை விட்டான்.

சந்தில் எப்போதும் திறந்திருக்கும் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு ஜன்னலிலிருந்து யாரோ அவனைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். ரோசம்மாள் கதவை ஒரு விரல் அளவு திறந்து பார்த்து, பிறகுதான் முழுவதும் திறந்தார்.

"சனிக்கிழமை வந்தாங்க தம்பி. சாதாரண உடுப்புல நாலு பேரு. எல்லாத்தையும் எறக்கிக் கொட்டிட்டாங்க. இந்தச் சந்துல ஒருத்தரும் எங்களோட பேசறதில்ல. அவனைத் தினமும் காலையில ஸ்டேஷனுக்கு வந்து உக்காரச் சொல்றாங்க, சாயங்காலம் அனுப்பறாங்க. அந்தப் பெட்டி என்னன்னு சொன்னா அவங்களுக்குப் புரியல. பாட்டரி இல்லாம எப்படிடா பேசும், எங்க ஒளிச்சு வெச்சிருக்கேன்னு அதையே கேக்கறாங்களாம்."

பாஸ்கரன் நின்றுகொண்டே இருந்தான். அவர் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கும் மேல ஒண்ணு. கொட்டினதுல இவங்க அப்பா சைக்கிள் டைனமோ வெளிய வந்துடுச்சு. ஒர்க்‌ஷாப்புல எவனோ திருடிட்டான்னு ரெண்டு மாசமா அவரு கத்திக்கிட்டுக் கெடக்காரு. கடைசில இவன்தான் கழட்டியிருக்கான். போலீஸ்காரங்க முன்னாடியே ஒரு அறை விட்டாரு. ஏண்டா கழட்டினேன்னா, ஹெட்போன் பண்றதுக்குக் காந்தமும் கம்பியும் வேணுமாம். உங்களுக்குத்தானாம் தம்பி. அந்தக் கம்பி தடிமனா இருந்து, அதுவும் சரியா வரலையாம்."

செய்தித்தாளை இழுத்து மூடியதும், அம்மா வராங்களா என்று கேட்டதும் பாஸ்கரனுக்கு ஞாபகம் வந்தன. தன்னிடமிருந்து மறைக்கவில்லை அவன். அம்மாவிடமிருந்துதான் மறைத்திருக்கிறான்.

"நீங்களும் அதே படிப்புதானே? நாளைக்கு ஒரு நடை வந்து அவங்களுக்குப் புரியறாப்ல சொல்லுங்க தம்பி. நாங்க சொன்னா எடுபடல" என்றார் ரோசம்மாள்.

வரமாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனான். வராந்தா பெஞ்சில் பிலோமின்ராஜ் உட்கார்ந்திருந்தான். ஐந்து நாளில் முகம் சுருங்கியிருந்தது. பாஸ்கரனைப் பார்த்ததும் எழுந்தான். "நீ எதுக்குடா வந்தே? உன்னையும் எழுதிக்குவாங்க" என்றான். அதைக் கேட்டுப் பாஸ்கரனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

சப்-இன்ஸ்பெக்டர் நாற்பது வயதுக்காரர். மேஜைமேல் அட்டைக் குழாயும் ஹெட்போனும் ஒரு துணியில் வைக்கப்பட்டிருந்தன. யாரோ குழாயைக் குலுக்கிப் பார்த்ததில் இரண்டு சுற்றுக் கம்பி அவிழ்ந்திருந்தது.

"நீ யாரு? உன்னை யாரு வரச்சொன்னா?"

"கூடப் படிக்கிறேன் சார். இது எப்படி வேலை செய்யுதுன்னு காட்டறேன்."

"உனக்கு எப்படித் தெரியும்? நீயும் இதுல கேட்டிருக்கியா?"

"கேட்டிருக்கேன் சார்."

"எத்தனை தடவை?"

"நிறையத் தடவை."

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தை இழுத்து அவன் பெயரையும் அப்பா பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார். "இப்ப எங்க தங்கியிருக்கே?"

"ஸ்ரீரங்கம். அம்மா மண்டபம் ரோடு."

பேனா நின்றது. இன்ஸ்பெக்டர் ஃபைலில் ஏதோ ஒரு தாளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு பாஸ்கரனைப் பார்த்தார். "இந்தத் தகவலே அந்தத் தெருவிலேருந்துதான் வந்திருக்கு" என்றார் மெதுவாக.

பிலோமின்ராஜும் உள்ளே வந்து பின்னால் நின்றிருந்தான். பாஸ்கரன் திரும்பவில்லை. ஆனால் அவன் தன் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது.

"சரி, காட்டு. ஏதாவது தந்திரம் பண்ணினே, ரெண்டு பேரும் உள்ளதான்."

வீட்டு மாடியிலிருந்து கொண்டுவந்திருந்த ஒயரை வெளியே எடுத்துப்போய், காம்பவுண்டில் இருந்த வேப்பமரத்தில் ஒரு கான்ஸ்டபிளை விட்டுக் கட்டச் செய்தார்கள். இன்னொரு ஒயரை எர்த்துக்காகக் கொல்லைக் குழாயில் சுற்றினார்கள். அவிழ்ந்த கம்பியைப் பிலோமின்ராஜ் பல்லால் சுரண்டி மறுபடி இணைத்தான். அவனும் பாஸ்கரனும் ஒருவர் கையில் ஒருவர் சாமானைக் கொடுத்து வாங்கினார்களே தவிரப் பேசிக்கொள்ளவில்லை. மணி பன்னிரண்டரை ஆகும்வரை ஒன்றும் கேட்கவில்லை. நிலையம் அதற்குப் பிறகுதான் மத்தியான நிகழ்ச்சியைத் தொடங்கும் என்று சொன்னதை இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. கைக்கடிகாரத்தை மேஜைமேல் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

நேரம் வந்ததும் ஹெட்போனை அவர் காதில் வைத்தார்கள். அவர் முகம் முதலில் மாறவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"யாரோ ஒரு அம்மா பேசறா" என்றார். "குழந்தைக்கு இருமல்னா தூதுவளைங்கறா."

கான்ஸ்டபிள்கள் ஒவ்வொருவராக வாங்கிக் கேட்டார்கள். எழுத்தர் ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. பாட்டரியைத் தேடிக் குழாயின் உள்ளே விரலை விட்டுப் பார்த்தவரும் அவர்தான்.

"இதுல பேச முடியாதா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"கேக்க மட்டுந்தான் சார் முடியும். அதுவும் திருச்சி ஸ்டேஷன் மட்டும்."

"போஸ்டாபீஸ்ல லைசென்ஸ் எடுத்தியா?" இது பிலோமின்ராஜிடம்.

"இல்லைங்க சார்."

"கேக்கிற பெட்டின்னாலும் லைசென்ஸ் வேணும். எடுத்துக் கொண்டு வந்து காட்டு, அப்புறம் பெட்டியை வாங்கிக்க. நாளையிலேருந்து வந்து உக்கார வேண்டாம்." பாஸ்கரன் பக்கம் திரும்பி, "உன் ரூமையும் ஒரு தடவை ஆளை விட்டுப் பாப்பேன்" என்றார்.

வெளியே வந்து இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். தெரு திரும்பியதும் பாஸ்கரன் நின்றான்.

"நான்தாண்டா சொன்னேன். எங்க வீட்டுக்காரர்கிட்ட. அவர் எழுதிப்போட்டுட்டார்."

பிலோமின்ராஜ் தலையை ஆட்டினான். "அந்தத் தெருவுல எனக்கு வேற யாரைத் தெரியும்?"

"என் டைனமோவை நீ எடுத்துட்டேன்னு நெனச்சேன்."

"என்கிட்ட கேட்டியா?"

"இல்லை."

"வீட்டுக்கு வந்து உக்காந்து காபி குடிச்சியே. அப்பக்கூட ஒரு வார்த்தை கேக்கலையே" என்று சொல்லிவிட்டு, பிலோமின்ராஜ் சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விட்டான்.

அதற்குப் பிறகு பாஸ்கரன் மேலப்புதூருக்குப் போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் ரோசம்மாள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி ஆள் விட்டு அனுப்பினார். அவன்தான் மகனைக் காப்பாற்றினான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பிலோமின்ராஜ் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது. அவன் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. ரோசம்மாள் தட்டில் ஆப்பம் வைத்தார். பாஸ்கரன் கையை நனைக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். சந்தின் பெயர் சொன்னதுவரை சொன்னான்.

அவர் ஆப்பத் தட்டை ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார். பிறகு, "என்கிட்ட சொன்னீங்க. அவங்க அப்பாகிட்டயும் நீங்களே சொல்லிடுங்க" என்றார்.

அடைக்கலராஜ் பின்கட்டில் கவிழ்த்துப் போட்ட சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். பாஸ்கரன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே பெடலைச் சுற்றினார். சக்கரம் நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கை ஓங்குவார் என்று பாஸ்கரன் எதிர்பார்த்தான்.

"எங்க ஷெட்டுல தைரியராஜுன்னு ஒரு ஆளு" என்றார் அவர். "பதினோரு வருஷமாப் பக்கத்துப் பக்கத்துல வேலை. டைனமோவை அவன்தான் எடுத்தான்னு நான் ஃபோர்மேன்கிட்ட சொன்னேன். சாமான் திருடறவன்னு பேராகி, அவனை வேற செக்‌ஷனுக்குத் தள்ளிட்டாங்க. போலீஸ் வந்த அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. இன்னும் அவன்கிட்ட போய்ச் சொல்லலை. எப்படிப் போறதுன்னு தெரியல." துணியில் கையைத் துடைத்தார். "நீ வந்துட்டே. போ, சாப்பிட்டுட்டுப் போ."

அந்த வாரக் கடைசியில் ஒரு கான்ஸ்டபிள் அம்மா மண்டபம் சாலைக்கு வந்து பாஸ்கரனின் அறையைப் பார்த்தார். ஷெல்ஃபிலிருந்த கம்பிச் சுருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மறுநாள் காலை ரெங்கராஜ் பேப்பர் சொல்லவில்லை. படியில் நிறுத்தி, "மாசக் கடைசிக்குள்ள வேற இடம் பாத்துக்குங்க தம்பி. போலீஸ் வந்துபோன வீடுன்னு பேரு வேண்டாம்" என்றார். சொல்லும்போது அவனுடைய பையையே பார்த்துக்கொண்டிருந்தார். தெருக்காரர்களும் அவனைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். கார்த்திகையில் அவன் கல்லூரி ஹாஸ்டலுக்கு மாறினான்.

அவனுடைய டைனமோவை எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப்போட்டான். அடைக்கலராஜ் ஒரு நாள் தைரியராஜ் வீட்டுக்குப் போய்வந்ததாகவும், அந்த ஆள் அவரை வாசலிலேயே நிற்கவைத்துக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டதாகவும் ரோசம்மாள் பிறகு சொன்னார்.

பிலோமின்ராஜ் லைசென்ஸ் எடுத்து ஜனவரியில் பெட்டியைத் திரும்ப வாங்கினான். வகுப்பில் சிலர் அவனிடம் பழையபடி பேசத் தொடங்கினார்கள், சிலர் கடைசிவரை பேசவில்லை. பாஸ்கரனிடம் அவன் முதலில் பேசியது பிப்ரவரியில், லாபில், கால்வனாமீட்டரின் ஊசி நடுங்குகிறது, மேஜையில் சாயாதே என்று. அதற்குப் பிறகு பாடம் பற்றிப் பேசிக்கொண்டார்கள். பரீட்சைக்குச் சேர்ந்துகூடப் படித்தார்கள், லைப்ரரியில் உட்கார்ந்து. வீட்டுக்கு வா என்று மட்டும் பிலோமின்ராஜ் கூப்பிடவில்லை. வரட்டுமா என்று பாஸ்கரனும் கேட்கவில்லை.